சோழவரமும் கரிவரதனும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1980கள் வரை கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. ஐரோப்பாவில் ஓடிய பழைய பந்தயக் கார்கள் சிலவும் அங்கு பங்கேற்றன. அவற்றை வாங்குவதைவிடப் பராமரிப்பதே கடினமாக இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் உயர்ந்த சுங்க வரியாலும், ஒரு கியர் உடைந்தால்கூட மாற்று உதிரிபாகம் எளிதில் கிடைக்காது. எனவே இவ்விளையாட்டு அரச குடும்பத்தினர், தொழிலதிபர்கள் எனச் சிலருக்கே எட்டியது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன். திருப்பூர் பனியன் தொழிலுக்கு நூல் தந்த கோவை, பஞ்சாலை இயந்திரங்களுக்கான பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர். அத்தொழில்திறன் சூழ்ந்த ஊரிலேயே அவர் பந்தயக் கார்களை உருவாக்கினார். மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சின் பொருத்திய, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதி 1980களின் இறுதியில் அறிமுகமானது. எஞ்சின் பாகங்கள் உள்நாட்டுச் சந்தையிலேயே கிடைத்ததால் செலவு குறைந்தது. இளைஞர்கள் பலர் பந்தயத்துக்கு வந்தனர்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகிய கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே கரிவரதனின் பெயரைத் தாங்கியுள்ளது.