காற்றுப்பையிலிருந்து முதுகுக்கு

மனித முதுகுக்காகப் பிறந்ததல்ல, அசைவை உணரும் முடுக்கமானி என்ற இந்தச் சில்லு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏடிஎக்ஸ்எல்50 என்ற பெயரில் கொண்டுவந்தபோது, கார் மோதியதைக் கண்டறிந்து காற்றுப்பையை விரியவைப்பதுதான் அதன் வேலை. உள்ளே மெல்லிய சிலிக்கான் இழைகளில் ஒரு நுண் எடை தொங்கும். வண்டி திடுமென நின்றால் அது இம்மியளவு நகரும்; அந்த நகர்வே மின் சமிக்ஞையாக மாறும்.

2006இல் இதன் வகையறா நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவிக்குள் புகுந்தது, மறுவருடம் ஐபோனுக்குள். 2010இல் ஐபோன் 4இல் திரும்பலை அளக்கும் ஜைரோவும் சேர்ந்தது. விலை சரிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் கட்டுப்படியானது.

அதுவரை அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்று நம் டெய்லர்களின் இன்ச் டேப். கீழ்முதுகில் குறி வைத்து, குனியும்போது இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும் முறையை 1937இல் ஷோபர் என்ற மருத்துவர் எழுதினார். இன்றும் புழக்கத்தில் உண்டு. ஆனால் டேப்புக்கு வேகம் தெரியாது. வலி உள்ளவர் பயந்து பயந்து மெதுவாகக் குனிவார். இடுப்பெலும்பின் மேல் ஒன்று, முதுகில் சற்று உயரத்தில் ஒன்று என இரண்டு சென்சார் ஒட்டினால், இரண்டின் கோண வித்தியாசத்தில் அந்தத் தயக்கம்கூடப் பதிவாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 492 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வலி பற்றிய பயத்தைப் போக்கி அசைவைப் பழக்கும் சிகிச்சை நன்றாகவே பலித்தது. கூடவே சென்சார் கட்டியதால் கூடுதல் பலன் தெரியவில்லை. கருவி தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே அதற்குக் கொடுத்தது, அசைவைக் காட்டித் திருத்தும் வாத்தியார் வேலை; அளப்பது வேறு வேலை.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அந்த அளக்கும் வேலைதான் வேண்டும், அதுவும் வேறு விதமாக. ஓவர்லாக் டெய்லர் ஊசியைப் பார்த்துக் கழுத்தைக் கவிழ்த்தால், ஆர்டர் நெருக்கும் நாளில் ஒன்றரை ஷிப்ட் அப்படியேதான். அவருடைய முதுகைப் பிடித்தது குனிந்து நிமிர்ந்ததல்ல, அசையாமல் உட்கார்ந்தது. கிளினிக்கில் ஐந்து தடவை குனியச் சொல்லி ‘குணம்’ என்று எழுதினால் பாதிக் கதைதான் தெரியும். சென்சார் அவர் முதுகோடு தையல் மெஷின் முன்னாலேயே உட்கார வேண்டும். அங்கே மோட்டாரும் இரும்பும், சென்சாருக்குத் திசை காட்டும் காந்தமானியைக் குழப்பும். ஜைரோ மட்டும் என்றால் நேரம் போகப் போகக் கணக்கு விலகும். இது பொறியாளர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மணிக்கு எத்தனை பீஸ் என்று லைனில் ஏற்கெனவே கணக்கு ஓடுகிறது. முதுகுப் பதிவும் சூப்பர்வைசர் கைக்குப் போனால், டெய்லர் நிமிர்ந்து சோம்பல் முறித்த நிமிடமெல்லாம் ‘வேலை செய்யாத நேரம்’ ஆகிவிடும். அதே பதிவு ஈஎஸ்ஐ மருத்துவரிடம் போனால், ஓய்வு கேட்பவருக்கு ஓர் ஆதாரம். சென்சார் பெல்ட்டைக் கட்டும் முன்பே, பதிவு மருத்துவரைத் தாண்டாது என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் பலருக்கு ஈஎஸ்ஐ அட்டையே இல்லை. அவர்களுடைய பதிவு யாரிடம் போகும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டியிருக்கும்.