திகதி முடிந்த போன்கள்

கீழ விழாத, தண்ணி படாத, திரை கீறுப்படாத ஒரு போன் ஏன் ஒரு கட்டத்தில வேலை செய்யாமப் போகுது? எங்கட வீடுகள்ல அலுமாரி லாச்சியைத் திறந்தால் இப்படி ஒன்றாவது கிடைக்கும். 2011 க்கும் 2014 க்கும் இடையில வாங்கினது. சார்ஜில போட்டால் வெளிச்சம் வரும், சிம் போட்டால் அழைப்பும் போகும். ஆனால் ஒரு இணையத்தளம் திறக்காது, ஒரு அப் இறங்காது. "இது பழசு, தூக்கிப் போடு" என்று யாராவது சொல்லுவினம். பழசு என்றது ஒரு காரணமே இல்லை. அந்தப் போனுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கோளாறுக்கும் பின்னால ஒரு திகதி இருக்கு. அந்தத் திகதியை எங்கேயோ யாரோ தீர்மானிச்சிருக்கினம். அந்தத் திகதிகளைக் கொஞ்சம் தேடிப் பார்ப்பம்.

உதாரணத்துக்கு சம்சுங் கெலக்சி வை. 2011 ஓகஸ்டில அறிவிக்கப்பட்டது. 3 அங்குலத் திரை, 832 மெகாஹேர்ட்ஸ் புரொசசர், 1200 எம்.ஏ.எச். பற்றரி, அன்ட்ரொய்ட் 2.3. அந்தப் பதிப்புக்குப் பெயர் ஜிஞ்சர்பிரெட். விலை குறைவு என்றபடியால் எங்கட பக்கத்தில கனபேருக்கு முதல் ஸ்மார்ட்போன் இதுதான், அல்லது இதைப்போல ஒன்று. இது வந்து சில மாதத்திலேயே, 2011 ஒக்டோபரில, அன்ட்ரொய்ட் 4.0 வெளியானது. கெலக்சி வைக்கு அது உத்தியோகபூர்வமாகக் கிடைக்கவேயில்லை. வாங்கின ஆக்கள் கடையால வெளியில வரேக்கையே ஒரு பதிப்புப் பின்னால நின்டினம் என்று சொல்லலாம்.

பற்றரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனகாலம் சார்ஜ் இல்லாமல் கிடந்த லிதியம் பற்றரி அளவுக்கு மிஞ்சி வடிஞ்சு போயிருக்கும், பாதுகாப்புச் சுற்று அதை ஏற்க மறுக்கும். அரை மணித்தியாலம் சார்ஜில விட்டுப் பாருங்கோ. வீங்கியிருந்தால் அதோட விளையாட வேண்டாம், கழற்றி ஒதுக்குங்கோ. அந்தக் காலத்துப் போன்களில பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம் என்றது இப்ப நினைக்கப் பெரிய சுகமாத்தான் இருக்கு.

போன் எழும்பினதும் முதலாவதாகப் பார்க்க வேண்டியது திகதி. பற்றரி முற்றாக வடிஞ்ச போன் தன்ர கடிகாரத்தை மறந்துபோய் ஏதோ ஒரு பழைய ஆண்டில போய் நிற்கும். பார்க்கச் சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இணையத்தளம் ஒவ்வொன்றும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழை நீட்டுது. அதில "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை செல்லும்" என்று இருக்கும். போன் தான் 2000 ஆம் ஆண்டில நிற்கிறதாக நினைத்தால், உலகத்தில உள்ள எல்லாச் சான்றிதழும் அதுக்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சொல்லி எல்லாக் கதவையும் சாத்தும். திருத்திற கடைக்குக் கொண்டுபோக முதல், செட்டிங்கில போய் திகதியைக் கையால திருத்திப் பார்க்க வேணும்.

அடுத்தது பூட்டு. எங்கட ஊர்களுக்குப் போன் வந்த வழிகளில ஒன்று வெளிநாட்டு உறவு. ரொறன்ரோவில மாமா புதுசு வாங்கினால் பழசு இங்க வரும். லண்டனில சித்தி மாற்றினால் அதுவும் வரும். ஆனால் அங்க ஒப்பந்தத்தில எடுத்த போன்கள் அந்த நாட்டு வலையமைப்புக்குப் பூட்டப்பட்டவை. இஞ்ச சிம் போட்டால் ஒரு இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும். கனடாவில 2017 டிசெம்பர் 1 இலிருந்துதான் போன்களைப் பூட்டாமல் விற்க வேணும், பூட்டைத் திறக்கக் காசு வாங்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தியது. பிரித்தானியாவில அது 2021 டிசெம்பரில. அதுக்கு முன்னம் வந்த போன்கள் எத்தனை அன்பளிப்பாக வந்து, பாட்டுக் கேட்கிற பெட்டியாக மட்டும் கிடந்தன என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டினம்.

2015 இல வந்த அன்ட்ரொய்ட் 5.1 இன்னொரு பூட்டைக் கொண்டுவந்தது. போனை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்கினால், முன்னம் அதில இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். கள்ளருக்கு எதிராகச் செய்த வேலை, அதில நியாயம் இருக்கு. ஆனால் கைமாறின போனில இது வேறமாதிரி வேலை செய்யுது. அனுப்பின ஆள் தன்ர கணக்கை நீக்காமல் அனுப்பியிருந்தால், அல்லது அந்த ஆள் இப்ப உயிரோட இல்லை என்றால், போன் ஒரு கல். ஆகவே கைமாற்ற முதல் செட்டிங்கில போய்க் கணக்கை நீக்கிப் போட்டு அழிக்க வேணும். இந்த வரிசை முக்கியம்.

இனித் தமிழ். இந்தப் பகுதியில கொஞ்சம் நின்று போக வேணும், ஏனென்றால் இது எங்கட தலைமுறையின் வாசிப்போடு சம்பந்தப்பட்டது.

யுனிகோட்டின் முதலாவது பதிப்பிலேயே, 1991 இல, தமிழுக்கு இடம் இருந்தது. கணினியில நாங்கள் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்த காலத்தில போன்கள் வந்தன. வந்த அன்ட்ரொய்ட் போன் கனக்கவில தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சதுரப் பெட்டிகள். எழுத்துரு இல்லை. சரி, எழுத்துருவைக் களவாகவோ நேராகவோ உள்ளே போட்டால் போதுமா? போதாது. "கெ" என்று எழுதினால் கணினி நினைவில முதலில 'க', பிறகுதான் கொம்பு. திரையில கொம்பு முன்னால வர வேணும். "கொ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிஞ்சு எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேணும். இந்த ஒழுங்குபடுத்தலைச் செய்ய ஒரு மென்பொருள் அடுக்கு வேணும். அது இல்லாத போனில கொம்பு எழுத்துக்குப் பின்னால தொங்கிக்கொண்டு நிற்கும். வாசிக்கலாம், ஆனால் பல்லில மண் கடிபடுற மாதிரி இருக்கும். சில நிறுவனங்கள் தங்கட போன்களில இந்த வேலையைத் தாங்களே செய்து சேர்த்தன. அதனால ஒரே 2.3 பதிப்பில ஒரு போனில தமிழ் வரும், பக்கத்தில இருக்கிறவரின் போனில பெட்டி வரும். அந்தக் காலத்தில போன் வாங்க முதல் கடையில வைத்தே ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்து பார்க்கிற ஆக்கள் புத்திசாலிகள்.

வழி ஒன்று இருந்தது, ஒபெரா மினி. முகவரி எழுதுற இடத்தில 'ஒபெரா', முக்காற்புள்ளி, 'கொன்பிக்' என்று ஆங்கிலத்தில அடித்தால் ஒரு இரகசியப் பக்கம் திறக்கும். அதன் அடியில சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பாவி என்று ஒரு தெரிவு. அதை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் தமிழ் வரும்! ஒபெராவின் சேவையகமே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். போன் அதை எழுத்தாகப் பார்க்கிறதில்லை, படமாகத்தான் பார்க்கும். அதனால டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும், எழுத்துகளைத் தெரிந்தெடுத்து வெட்டி ஒட்டவும் ஏலாது. ஆனால் வாசிக்கலாம். இந்தச் செட்டிங்கை ஆளுக்காள் சொல்லிக்கொடுத்துத்தான் தமிழ் வலைப்பதிவுகள் கையடக்கத் திரைக்கு வந்தன. எந்தக் கம்பனியும் விளம்பரம் போட்டு இதைச் சொல்லிக்கொடுக்கயில்லை. எங்கட மொழியின் தொழில்நுட்ப வரலாற்றை யாராவது எழுதினால் அந்த ஒரு வரித் தெரிவுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்க வேணும் என்றது எங்கட அபிப்பிராயம். அதுக்கு முன்னாலேயே, 2005 இல, முத்து நெடுமாறனின் செல்லினம் சாதாரண ஜாவா போன்களில தமிழில குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது என்றதையும் சேர்த்துத்தான் எழுத வேணும்.

அன்ட்ரொய்ட் 4.0 இல லோகித் தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்தது, எழுத்தை ஒழுங்காகப் பொருத்துற ஏற்பாடும் வந்தது. ஆகவே இன்றைக்கு உங்கட பழைய போனில தமிழ் பெட்டியாகத் தெரிந்தால் முதலில பதிப்பு இலக்கத்தைப் பாருங்கோ. 4.0 க்குக் கீழ என்றால் போனில பழுதில்லை, அது பிறந்த நேரம் அப்படி.

இடம் போதாது என்ற கோளாறும் இருக்கு. கெலக்சி வை போன்ற போன்களில அப் வைக்க 200 எம்.பி. கூட இல்லை. 2012 க்குப் பிறகு கூகுளின் பின்னணிச் சேவைகள் தங்களைத் தாங்களே புதுப்பித்து வீங்கிக்கொண்டு போக, புதுசா ஒன்றும் போடாமலே போன் நிரம்பியது. நிரம்பின போனுக்குள்ள எஸ்.எம்.எஸ். கூட வராது. "மெசேஜ் போட்டனான், ஏன் பதில் இல்லை?" என்று வந்த சண்டைகளில சிலதுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். அந்தச் சேவைகளின் புதுப்பிப்பை நீக்கினால் கொஞ்சம் மூச்சு விடும்.

ஆனால் உண்மையான சாவு வெளியிலிருந்து வந்தது. 2017 தொடக்கத்தில கூகுளின் பின்னணிச் சேவைகள் ஜிஞ்சர்பிரெட்டைக் கைவிட்டன. 2020 பெப்ரவரி 1 இல வட்ஸ்அப் அந்தப் பதிப்பில நின்றது. 2021 செப்டெம்பர் 27 இல அதில கூகுள் கணக்குக்குள்ள நுழையிறதே நிறுத்தப்பட்டது. இணைப்பை மறைகுறியாக்குற டி.எல்.எஸ். முறையில அந்தப் போனுக்குத் தெரிஞ்சது முதலாவது பதிப்பு மட்டும். அட்டைக் கொடுப்பனவுத் துறை 2018 ஜூன் 30 க்குள் அதைக் கைவிடச் சொல்லியிருந்தது, பெரிய உலாவிகள் 2020 இல கைவிட்டன. பாதுகாப்புக்காகத்தான், அதை நாங்கள் மறுக்கயில்லை. பழைய பூட்டை உடைக்கத் தெரிஞ்சவை கூடிப்போச்சினம்.

2020 பெப்ரவரிக்குப் பிறகு என்ன வந்தது என்று எங்களுக்குத் தெரியும். மார்ச் நடுப்பகுதியில நாட்டில பள்ளிக்கூடங்கள் பூட்டின. படிப்பு போனுக்குள்ள போனது. கனக்க ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுவிலதான் பாடக்குறிப்பு அனுப்பினவை. சூமுக்கு அப்ப அன்ட்ரொய்ட் 5 தேவைப்பட்டது. வீட்டில இருந்த ஒரேயொரு போன் அண்ணன் பாவிச்சு விட்டது, அதில 2.3 என்றால், அந்தப் பிள்ளைக்கு வகுப்பு ஆறு கிழமைக்கு முன்னமே பூட்டியாச்சு. சிக்னல் இல்லை, டேட்டாவுக்குக் காசில்லை என்ற கதைகளைப் பத்திரிகைகள் எழுதின. பதிப்பு இலக்கத்தால வகுப்பிழந்த பிள்ளையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைக்கயில்லை. பிறகு 2022 இல டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்கு மேல போனபோது, புதுசு வாங்குறது என்ற பேச்சே கன வீடுகளில அடங்கிப்போனது.

இதே காலத்தில இன்னொரு கதையும் நடந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இணையத்தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்குது. சின்னத் தளங்கள் கனக்க அதில தங்கியிருக்கு. ஒரு போன் யாருடைய கையெழுத்தை நம்ப வேணும் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே வரும். பழைய போன்களின் பட்டியலில இந்த அமைப்பின் பெயர் இல்லை. அதனால ஐடென்ட்ரஸ்ட் என்ற பழைய நிறுவனத்தின் கையெழுத்தைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தினம். அந்தக் கையெழுத்து 2021 செப்டெம்பர் 30 இல காலாவதி. 2020 நவம்பரில அவர்களே அறிவித்தார்கள்: அன்ட்ரொய்ட் 7.1.1 க்கு முந்தின போன்களில இந்தத் தளங்கள் திறக்காமல் போகும். அந்த நேரம் பாவனையிலிருந்த அன்ட்ரொய்ட் போன்களில அப்படிப்பட்டவை 33.8 வீதம். மூன்றில ஒன்று!

பிறகு அடுத்த மாதமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அன்ட்ரொய்ட் தன்ர பட்டியலில உள்ள மூலக் கையெழுத்தின் காலாவதித் திகதியைப் பார்க்கிறதில்லை. அந்த இயல்பைச் சாதகமாக்கி, காலாவதியாகப் போற கையெழுத்தாலேயே இன்னும் மூன்று வருசத்துக்கு ஒரு புதுக் கையெழுத்து வாங்கினார்கள். கோடிக்கணக்கான போன்கள் 2024 செப்டெம்பர் வரை உயிரோட இருந்தது இதால. ஜிஞ்சர்பிரெட்டுக்கு இது பெரிதாக உதவயில்லை, அதுக்கு வேற கதவுகள் ஏற்கெனவே பூட்டியாச்சு. ஆனால் 4, 5, 6 பதிப்புக்காரருக்கு உதவியது. ஆகவே "பழசுக்கு ஒன்றும் செய்ய ஏலாது" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கோ. மனம் இருந்த இடத்தில மூன்று வருசம் கிடைத்தது. அந்த நேரம் அன்ட்ரொய்ட் 5 க்கு மேல உள்ள போனில பயர்பொக்ஸைப் போட்டுப் பார்க்கிறதும் ஒரு வழியாக இருந்தது. அது போனின் பட்டியலை நம்பாமல் தன்ர பட்டியலைத் தானே கொண்டுவரும்.

லாச்சியில கிடக்கிற அந்த ஜிஞ்சர்பிரெட் போனில இப்ப மிஞ்சுறது என்ன? அழைப்பு, எஸ்.எம்.எஸ்., எப்.எம். வானொலி, புளூடூத். அதோட ஒரு மைக்ரோ எஸ்.டி. அட்டை. அந்தக் காலத்துப் போன்களில உள்நினைவு குறைவு என்றபடியால் படங்களும் வட்ஸ்அப் சாமான்களும் அட்டையிலதான் போய்ச் சேர்ந்தன. வட்ஸ்அப் இனித் திறக்காது, எழுத்தில கதைச்சதை வாசிக்க ஏலாது. ஆனால் அட்டையைக் கழற்றிக் கணினியில போட்டு, வட்ஸ்அப் என்ற கோப்புறைக்குள்ள 'மீடியா'வைத் திறந்தால் படங்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே கிடக்கும். குரல் பதிவுகளுக்குத் தனிக் கோப்புறை. 2013 ஓகஸ்டிலதான் அந்த வசதி வந்தது, ஆகவே அதுக்குப் பிந்தினவை மட்டும் இருக்கும். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் நாளும் எழுதியிருக்கும். எழுதத் தெரியாத, அல்லது எழுதப் பஞ்சிப்பட்ட அம்மம்மாமார் அதிலதான் கதைச்சவை. பற்றரி வீங்க முதல் போனின் தொடர்புப் பட்டியலையும் அட்டைக்கு ஏற்றிப் போட்டு, முழுவதையும் இரண்டு இடத்தில பிரதி எடுத்து வையுங்கோ.