வினாவும் விடையும்

நேர்காணல் என்பது செய்தி தருவதோடு அமைவதன்று. வினவுவோரின் ஐயமும் விடையிறுப்போரின் நம்பிக்கையும் எதிரெதிர் நிற்கும் களமும் அதுவே. 1974இல் அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையத்தின் தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணல் இதற்குத் தக்க சான்றாகும்.

செயற்கைக்கோள்களின் வழியே உலகெங்கும் செய்தித் தொடர்பு கொள்ளலாம் என 1945லேயே எழுதியவர் கிளார்க். அறையை நிறைக்கும் கணிப்பொறிகளே பெரிதும் வழக்கிலிருந்த காலத்தில் இந்நேர்காணல் நிகழ்ந்தது. செய்தியாளர் தம் இளமகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். 2001ஆம் ஆண்டில் இச்சிறுவனின் வாழ்வு எவ்வாறிருக்கும் என்பதே வினா. அவன் இல்லத்தில் திரையும் விசைப்பலகையும் இருக்கும். வங்கிக் கணக்கு முதல் நாடக அரங்கின் முன்பதிவு வரை அவற்றின் வழியே அறிவான். தொலைபேசியைப் போல அதனையும் இயல்பாகக் கொள்வான் என்றார் கிளார்க்.

இவ்விடையின் தொனி கருதத்தக்கது. 1968இல் வெளிவந்த விண்வெளித் திரைப்படத்தில், மனிதரைக் கொல்லும் கணிப்பொறியைக் குப்ரிக்குடன் இணைந்து படைத்தவர் அவர். இங்கோ கணிப்பொறியை நட்புக்குரியதாகச் சுட்டுகிறார். பழகிய தொலைபேசியை உவமையாக்கியதால் புதுமையின் அச்சம் நீங்குகிறது.

மனிதர் கணிப்பொறிக்கு அடிமையாகிவிடாரோ எனச் செய்தியாளர் கவலையுற்றார். ஒருவகையில் உண்மையே என ஒரு சொல்லால் உடன்பட்ட கிளார்க், உடனே வேறு திசைக்குத் திரும்பினார். வணிகரும் நிர்வாகிகளும் நகரத்தில் அடைபடாமல் விரும்பிய இடத்தில் வாழ்ந்தே தொழில் நடத்தலாம் என்றார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த அவருக்கு இது பட்டறிவு சார்ந்த கருத்தாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் கேட்கப்பட்டது சார்ந்து வாழ்தல் பற்றி. கூறப்பட்டதோ இடத்தின் விடுதலை பற்றி. வினா விடைபெறாமலே நின்றது.

வரலாறு இருவர்க்கும் பங்களித்தது. திரையும் விசைப்பலகையும் இல்லங்களுக்கு வந்தன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே பணியாற்றினர். எனினும் மருத்துவமனைத் தாதியர்க்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் அவ்வுரிமை வாய்க்கவில்லை. கிளார்க் வணிகரையும் நிர்வாகிகளையும் மட்டுமே சுட்டியதன் பொருள் அன்று புலப்பட்டது. நகரங்களும் சுருங்கவில்லை; உலக மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்று நகரவாசிகளே.

கணிப்பு பலித்ததனால் மட்டும் வாதம் நிறைவுற்றதாகாது. கேட்ட வினாவுக்கே விடை வந்ததா, எவரைக் குறித்து அவ்விடை பேசிற்று என்னும் இரண்டையும் ஆராய்வதே நேர்காணலைப் பயிலும் மாணவர்தம் கடன்.