கொழுப்பை இடம் மாற்றிய கதை

உடம்பில் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது நேற்று வந்த சினிமாக்காரர் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் 1893-லேயே ஜெர்மனியின் குஸ்டாவ் நாய்பர், கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பிவிட்டார். சின்னத் துண்டுதான் பிழைக்கும் என்றும் சொன்னார்.

காரணம் எளிது. கொழுப்பு உயிருள்ள திசு. புது இடத்தில் ரத்த ஓட்டம் கிடைத்தால்தான் வாழும். 1950-களில் அமெரிக்க மருத்துவர் லிண்டன் பியர் எடைபோட்டுப் பார்த்தார். ஒரு வருடத்தில் ஏறக்குறையப் பாதி காணோம். எங்கள் காமர்ஸ் பாஷையில், முதல் வருடமே 50 சதவீதத் தேய்மானம்! அறுவைக்குப் பிறகு அந்த இடத்தை அழுத்தக்கூடாது என்பதும் இதனால்தான்.

பிறகு பிட்டத்தைப் பெரிதாக்கும் மோகம் வந்தது. தசைக்குள் செலுத்திய கொழுப்பு, அங்குள்ள பெரிய சிரைகள் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துப் பலர் இறந்தார்கள். 3000 பேரில் ஒருவர் வரை சாகலாம் என்று கணக்கிட்ட பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்கள், தோலுக்கடியில் மட்டும் செலுத்துங்கள், தசைக்குள் வேண்டாம் என்று 2018-ல் எச்சரித்தன.

அறுவை முடிந்தபின் இரண்டு வாரம் உட்காராமல் இருந்தால் கொழுப்பு பிழைக்கலாம். ஆள் பிழைப்பது மேசையில், ஊசி போகும் ஆழத்தில் இருக்கிறது. நண்பர்களே, யாராவது செய்துகொள்ளப் போனால், எவ்வளவு செலவாகும் என்பதற்கு முன் அந்த ஆழத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.