குடகு: நிலமும் நிலச்சொற்களும்

கர்நாடக மாநிலத்தின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலைமீது அமைந்த மாவட்டம் குடகு. இதன் பரப்பு 4,102 சதுர கிலோமீட்டர். தடியண்டமோள் என்னும் 1,748 மீட்டர் உயரச் சிகரம் இங்கு உள்ளது. பிரம்மகிரியின் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி கிழக்கு நோக்கி ஓடுகிறது. பாரபொளெ ஆறு மேற்கே கேரளத்துள் இறங்குகிறது. மலைகளுக்கிடையே குறுகிய பள்ளத்தாக்குகளில் நெல் விளைகிறது. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் காடும் காப்பித் தோட்டமும் உள்ளன. இந்நில அமைப்பிலிருந்து பிறந்த சொற்களை ஆராயாமல் குடகின் வரலாற்றை மொழிபெயர்த்தல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் பெயரைக் காண்போம். தமிழில் 'குடகு', கன்னடத்தில் 'கொடகு'. அடுத்த அசையில் அகரம் வருமிடத்துத் தமிழின் உகரத்திற்கு இணையாகக் கன்னடத்தில் ஒகரம் வருதல் இயல்பு. 'குடை', 'கொடெ' எனவும், 'புகை', 'ஹொகெ' எனவும் வருவன காண்க. 'குடக்கு' என்பது மேற்குத் திசையைக் குறிக்கும். இதனோடு தொடர்புபடுத்தினால், இப்பெயர் கிழக்கிலிருந்து நோக்கியோர் இட்டதாதல் வேண்டும்.

மலைவாழ் மக்கள் தம் நிலத்தைத் தாமே பிரித்து வழங்கிய முறை வேறு. பன்னிரண்டு கொம்பு, முப்பத்தைந்து நாடு என்பது மரபுவழிக் கணக்கு. இங்கு 'நாடு' என்பது ஊர்களின் தொகுதியேயன்றித் தேசம் அன்று. ஹாலேரி அரசர்கள் ஆண்ட காலத்தில் ஆட்சிமொழியாகக் கன்னடமே விளங்கியது. 1808-இல் இயற்றப்பட்ட 'ராஜேந்திரநாமெ' என்னும் வரலாற்று நூலும் கன்னடமே. 1834-இல் ஆங்கிலேயர் குடகைக் கைப்பற்றியபின் ஆங்கிலமும் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று குடகு மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே, கொடவ மொழி பேசுவோரின் நில உரிமைகள் பிறமொழி ஆவணங்களிலேயே பதிவாயின.

இதன் விளைவைப் 'பாணெ' என்னும் சொல்லிற் காணலாம். நெல்வயலுக்குத் துணையாக, வரியின்றி விடப்பட்ட காட்டுநிலம் பாணெ எனப்படும். மேய்ச்சல், தழையுரம், விறகு, வீட்டுக்கும் உழவுக்கும் வேண்டிய மரம் ஆகியவற்றை உழவர் அதிலிருந்து பெறுவர். 1899-ஆம் ஆண்டின் குடகு நிலவருவாய் ஒழுங்குமுறைச் சட்டம் பாணெயை இவ்வகையிலேயே விளக்கிற்று. வயல் 'ஜம்மா' உரிமையில் இருப்பின், 'சாகு' நிலத்திற்குரிய வரியில் பாதியே விதிக்கப்பட்டது. படைப்பணி முதலியன அதற்கு ஈடாக இருந்தன.

1854 முதல் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. பின்னர்ப் பாணெகளிலும் காப்பி பரவியது. வயலுக்குத் துணையாயிருந்த நிலம் தானே வருவாய் தருவதாயிற்று. அந்நிலம் உழவர்க்கு உடைமையா, பயன்படுத்தும் உரிமை மட்டுமா, அதிலுள்ள மரங்கள் யாருக்குரியவை என்னும் வழக்குகள் எழுந்தன. பாணெயைக் 'காடு' என மொழிபெயர்த்தால் அரசின் பக்கமும், 'தோட்டம்' என்றால் உடைமையாளர் பக்கமும் மொழிபெயர்ப்பாளர் அறியாமலே சாய்ந்துவிடுகிறார். அச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, விளக்கம் தருவதே தக்கது.

ஒலியொற்றுமையும் நம்மை மயக்கக்கூடும். 'ஒக்க' என்பது தமிழின் 'ஒக்கல்' என்பதோடு இனமுடைய சொல். எனினும், 'ஒக்கல்' சுற்றத்தாரை மட்டுமே குறிக்க, 'ஒக்க' என்பதோ தந்தைவழி மரபினர் அனைவரும் நிலத்தைப் பொதுவில் உடைய குடும்ப அமைப்பைக் குறிக்கும். அதற்குரிய மூதாதையர் இல்லம் 'ஐன்மனெ'. மாறாக, புத்தரிசி விழாவாகிய 'புத்தரி' தமிழர்க்கு விளக்கமின்றியே புலனாகும். எனவே ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

கொடவ மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,66,187 பேர். 2011-இல் 1,13,857 பேர். இச்சொற்களை வழக்கில் உடையோர் இருக்கும்போதே, அவற்றை நிலத்தோடும் உரிமையோடும் இணைத்து அகராதிப்படுத்துதல் மொழியியலார் முதற்கடமையாகக் கொள்ளத்தக்கது.