பேஜ்மேக்கரை விடாத கடைகள்: ஒரு மென்பொருள் கைமாறியதும் மலையாள அச்சுத் தொழிலும் (1994–2019)

1994 ஆகஸ்ட் கடைசியில் சியாட்டில் நகரத்து ஆல்டஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவின் அடோபியோடு இணைந்தது. திருவனந்தபுரம் பழவங்காடிக்கு அன்று அந்தச் செய்தி எட்டியிருக்க வாய்ப்பில்லை. எட்டியிருந்தாலும் யாரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஓவர்பிரிட்ஜுக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே கல்யாண அழைப்பிதழும் திருவிழா நோட்டீசும் தயாரித்துப் பிழைத்த டிடிபி கடைகள், அதன் பின்விளைவுகளோடுதான் அடுத்த கால் நூற்றாண்டை ஓட்டின. உற்பத்தி நின்றுபோன, ஆல்டஸின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை இந்தக் கடைகள் ஏன் விடவில்லை என்று கேட்டால், கள்ளப்பிரதி, சிக்கனம் என்று இரண்டு காரணம் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆயினும் முதன்மையான காரணம் வேறு. வாங்கிய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் போகச் சொன்ன இடத்தில் மலையாள எழுத்துக்கு வெகுகாலம் இடமே இல்லை.

ஆல்டஸைப் பால் பிரெய்னர்ட் 1984இல் தொடங்கினார். மறு ஆண்டு ஜூலையில் மேகின்டாஷுக்கான பேஜ்மேக்கர் வந்தது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அடோபியின் பக்க விவரிப்பு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸின் பேஜ்மேக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது அச்சுக்கோப்பவர், ஒட்டுபவர் எல்லார் வேலையும் ஒரு மேசைக்கு வந்துவிட்டது. டெஸ்க்டாப் பப்ளிஷிங் (டிடிபி) என்று அதற்குப் பெயர் வைத்தவரும் பிரெய்னர்ட்தான். 1987இல் விண்டோஸ் பதிப்பு வந்ததால்தான் பிற்பாடு நம் ஊர் மலிவு கணினிகளில் அது குடியேற முடிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலைநாட்டுப் பத்திரிகை உலகம் போட்டி மென்பொருளான குவார்க்எக்ஸ்பிரஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. பேஜ்மேக்கரின் உள்கட்டுமானம் பழசாகிப்போக, ஆல்டஸ் புதிதாக ஒன்றை உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருந்தது. அடோபியின் கைக்குப் போன அந்த முயற்சிதான் 1999இல் இன்டிசைன் என்று வெளிவந்தது. ஒரே வீட்டில் இரண்டு பக்க வடிவமைப்பு மென்பொருள்கள். எது மிஞ்சும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 2001இல் வந்த 7.0 பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. 2004இல் இனி மேம்பாடு இல்லை என்று அறிவித்து, பயனர்களை இன்டிசைனுக்கு மாறச் சொன்னார்கள். மாறுவதற்கு உதவியாகத் தனிப் பதிப்பும் விற்றார்கள்.

இதே இணைப்பில் சிக்கிய, ஆல்டஸ் விற்ற வரைகலை மென்பொருளான ஃப்ரீஹேண்டின் கதை இன்னும் விசித்திரம். இல்லஸ்ட்ரேட்டரை வைத்திருக்கும் அடோபி அதன் போட்டியாளரையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. ஃப்ரீஹேண்ட் அதை உருவாக்கிய ஆல்ட்சிஸுக்கே திரும்பியது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது. 2007இல் ஃப்ரீஹேண்டுக்கும் மேம்பாடு நின்றது. கமிஷன் விதித்திருந்த பத்தாண்டுக் கட்டுப்பாடு அதற்குள் காலாவதி ஆகியிருந்தது. சட்டம் வாங்கித் தந்தது பத்தாண்டு அவகாசம், அவ்வளவே.

பழவங்காடிப் பக்கம் நிலைமை வேறு. பேஜ்மேக்கருக்கு மலையாளம் தெரியாது, தமிழும் தெரியாது. புனே சி-டாக் நிறுவனத்தின் ஐஎஸ்எம் மென்பொருளும் அதனோடு வந்த எம்எல்-டிடி எழுத்துருக்களும்தான் கைகொடுத்தன. ரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் மலையாள வடிவங்களை உட்கார வைப்பதுதான் இந்த எழுத்துருக்களின் உத்தி. கேரளம் என்று திரையில் தெரியும்போது கோப்பில் கிடப்பது டி, பெரிய ஐ, சி, எஃப், டபிள்யூ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். கொம்புக்கு டி, ககரத்துக்கு ஐ, ரகரத்துக்கு சி, ளகரத்துக்கு எஃப், அனுஸ்வாரத்துக்கு டபிள்யூ. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோப்பிலும் இருப்பதால் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் (யூனிகோடில்) இது நேர் தலைகீழ்.

கடையில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. பெண் வீட்டார் ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையிலேயே பிழை சொல்லுவார்கள். லேசர் பிரிண்டரில் ஒரு புரூஃப், திருத்தம், பிறகு ட்ரேஸிங் தாளில் ஒரு பிரிண்ட். அது ஆஃப்செட் பிளேட்டுக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கோப்பைத் திறந்து பெயரையும் நாளையும் மாற்றினால் போதும். அந்தப் பழைய கோப்புகளின் குவியல்தான் கடையின் மூலதனம். எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை எடுத்துப் போனால்தான் டியும் டபிள்யூவுமாகப் பல்லைக் காட்டும்.

இந்த நிலையில் இன்டிசைனுக்குப் போனால் என்ன கிடைக்கும்? அதே எழுத்துருக்களைச் சுமந்துகொண்டு போகலாம். சில பெரிய பத்திரிகைகள் அப்படிப் போகவும் செய்தன. சிறு கடைக்கு அதில் செலவுதான் மிச்சம். எழுத்து பழைய பூட்டுக்குள்ளேயே இருக்கும். இந்திய மொழிகளின் ஒருங்குறி எழுத்தைக் கோக்கும் வசதியை இன்டிசைன் முறையாகக் கொடுத்தது 2012இன் சிஎஸ்6 பதிப்பில். மறு ஆண்டே இனிப் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அடோபி அறிவித்துவிட்டது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதியும் சிஎஸ்6ஓடு நின்றது. ஆக, மலையாளக்காரர் சந்தா இல்லாமல் முறையாக மாறக் கிடைத்தது அந்த ஒரே பதிப்பு. கட்டாய மாற்றம் என்று இதைச் சொல்வதே தாராளம்.

தமிழகத்து டிடிபி கடைகளின் அனுபவமும் ஏறக்குறைய இதுவே. எழுத்துருவின் பெயர்தான் வேறு. பாமினி, ஸ்ரீலிபி என்று இருக்கும்.

மாற்று வழி அடோபியிடமிருந்து வரவில்லை. திருவனந்தபுரத்திலேயே வேறு திசையிலிருந்து வந்தது. தட்டச்சுப்பொறிக்காக 1971இல் குறைக்கப்பட்ட கூட்டெழுத்துகளைக் கணினியில் மீட்க, 1999இல் ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் மற்றவர்களும் ரசனா அக்ஷர வேதியைத் தொடங்கினார்கள். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நகருக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். 2002இல் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கின் பயனர்களின் உலக மாநாடு இங்கேதான் நடந்தது. டெக் இங்கே கவனிக்கத்தக்கது. டொனால்ட் நூத் எழுதிப் பொதுவில் விட்ட அதை யாரும் வாங்கி மூட முடியாது. அதில் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிய இவ்வூர்க்காரர்கள் பேஜ்மேக்கரின் முடிவால் பாதிக்கப்படவில்லை. ஆனால் கல்யாண நோட்டீஸ் அடிப்பவரை டெக் படிக்கச் சொல்வது நடக்கிற காரியமா? அதே 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு, பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பையன்ஸ் நிரலைப் பின்னர் உருவாக்கியது. கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு ஓமன் அணி ஒன்றின் உழைப்பால் 1.5.3 பதிப்பில் நம் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் திறன் வந்தது. அப்போது ஆண்டு 2017.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துக் காட்டியது ஒரு நாளிதழ். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனயுகம் 1993இல் நின்று, 2007இல் திருவனந்தபுரத்திலிருந்து மீண்டும் வரத் தொடங்கியது. மற்ற பல மலையாள இதழ்களைப் போலவே அதுவும் பேஜ்மேக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபர் 2 முதல் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் வெளிவந்தது: பக்கத்துக்கு ஸ்கிரைபஸ், படங்களுக்கு கிம்ப்பும் கிரிட்டாவும், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், அடியில் லினக்ஸ். எழுத்துருவை ரசனா மரபினர் தந்தார்கள். அதே அக்டோபரில் அமெரிக்க அரசாணையைக் காட்டி வெனிசுவேலாவின் கணக்குகள் அனைத்தையும் முடக்கப் போவதாக அடோபி அறிவித்தது. மாதக் கடைசியில் அந்த முடிவு கைவிடப்பட்டது. சந்தாவில் வாழும் வாடிக்கையாளரின் நிலை என்ன என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்துபோயிற்று.

ஜனயுகத்துக்குக் கட்சியும் ஆர்வலர்களும் பயிற்சி முகாம்களும் துணை நின்றன. ஒரு ஆபரேட்டரை வைத்து நடக்கும் கடைக்கு அவை ஏது? பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி உயிரோடு இருக்கும்வரை அங்கே வேலை ஓடும். அது போனபின் கோப்புகளை மீட்க இன்று இரண்டு படிகள் உண்டு. ஸ்கிரைபஸ் 1.5 வரிசை பேஜ்மேக்கர் கோப்பை உள்ளே எடுக்கும். அப்போது எழுத்து ஆங்கிலக் குப்பையாக வந்து விழும். அதைப் பையன்ஸுக்குக் கொடுத்து, எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொன்னால் ஒருங்குறியாக மாறும். ஒரே நோட்டீசில் தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று நாலைந்து எழுத்துரு கலந்திருந்தால், அவற்றின் இட ஒதுக்கீடு மாறுபடும் இடங்களிலெல்லாம் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.