கடற்கரைப் படத்தில் யார் இல்லை? ஜெர்மன் வகுப்புப் பயணமும் ஒரு பழைய விலக்கும்

ஜெர்மன் பள்ளிகளில் 'கிளாசன்ஃபார்ட்' என்றொரு வழக்கம் உண்டு. வகுப்பு முழுவதும் ஆசிரியர்களோடு கிளம்பி, சில நாட்கள் வெளியூரில் தங்கிவிட்டு வரும். பல பள்ளிகள் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கின்றன. வட கடலின் தீவுகளுக்குப் போவார்கள், அல்லது பால்டிக் கடலோரத்துக்கு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் வகுப்போடு ரயிலேறுகிறார்கள். மணல், அலை, கூரை வைத்த கூடை நாற்காலிகள், தோள்மேல் கைபோட்டு நிற்கும் நண்பர்கள் என்று படங்கள் நமக்கும் வந்து சேர்கின்றன.

மகிழ்ச்சியான படங்கள்தான். சேரியிலிருந்து போன ஒரு பிள்ளை அந்தப் படத்தில் நிற்பது நமக்குப் பெருமையும்கூட. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் எந்தக் கூட்டுப் படத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும். இந்தப் படத்தில் யார் இல்லை? ஏன் இல்லை? ஜெர்மன் கடற்கரையின் பழைய படங்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பதில், நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று.

சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு வந்த வேலி

ஜெர்மனியின் முதல் கடற்குளியல் ஊர் பால்டிக் கரையில் உள்ள ஹைலிகென்டாம். 1793இல் ஒரு சிற்றரசர் தன் மருத்துவரின் யோசனைப்படி தொடங்கிய இடம். 1797இல் வட கடலில் நோர்டர்னே தீவு வந்தது. தொடக்கத்தில் கடல் பிரபுக்களின் சொத்தாக இருந்தது. ரயில் வந்த பிறகு வணிகர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் கோடையில் கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள்.

காலவரிசையை இங்கே கவனிக்க வேண்டும். 1869இல் வட ஜெர்மன் கூட்டமைப்பின் சட்டம் மத அடிப்படையிலான குடியுரிமைத் தடைகளை நீக்கியது. 1871இல் ஒன்றுபட்ட ஜெர்மன் பேரரசு முழுவதும் யூதர்கள் சட்டப்படி சம குடிமக்கள் ஆனார்கள். அதற்கு அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில்தான் கடற்கரை ஊர்களில் 'யூதர்களுக்கு இடமில்லை' என்ற குரல் வலுத்தது. சட்டம் வேலியை எடுத்தது. விடுதி முதலாளிகளும் விருந்தினர்களும் புது வேலி போட்டார்கள்.

ஏன் கடற்கரையில்? வங்கியில், கடையில், நீதிமன்றத்தில் யூதரோடு வேலை செய்ய வேண்டியிருந்தது. விடுமுறை அப்படியல்ல. ஒரே தண்ணீரில் குளிப்பது, ஒரே மேசையில் உண்பது, மாலையில் சேர்ந்து நடனம் ஆடுவது, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வரன் பார்ப்பது என எல்லாம் அங்கே நடந்தன. தங்களுக்குள்ளேயே மணந்துகொள்வதுதான் சாதியின் உயிர்நிலை என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார். அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், யூத வெறுப்பு ஓய்வெடுக்கும் இடத்தில் இவ்வளவு சீக்கிரம் வேர்விட்டது ஏன் என்பது விளங்கும்.

ஒரு தீவின் பாட்டு

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படும் பெயர் போர்க்கும். வட கடலில் உள்ள ஒரு சிறு தீவு. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே 'இங்கே யூதர் கிடையாது' என்பதைத் தன் சிறப்பாகச் சொல்லிக்கொண்ட ஊர். நல்ல காற்று, சுத்தமான மணல் என்று விளம்பரம் செய்வதுபோல இதையும் செய்தார்கள்.

அந்தத் தீவுக்கு ஒரு பாட்டு இருந்தது. ஊர் இசைக்குழு மெட்டை வாசிக்கும், விருந்தினர்கள் சொற்களைப் பாடுவார்கள். யூதர்களின் மூக்கையும் முடியையும் காலையும் கேலி செய்து, வெளியே போ என்று விரட்டும் பாட்டு அது. அஞ்சலட்டைகளில் அச்சாகி விற்றது. அட்டையை வாங்கி வீட்டுக்கு அனுப்பியவர்களும் சாதாரணக் குடும்பத்தினர்தான். வன்முறைக் கும்பலின் பாட்டாக இல்லாமல், குடும்பத்தோடு கைதட்டிப் பாடும் கோடைக்காலப் பாட்டாக அது இருந்தது. அதன் கொடுமை அங்கேதான் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி குடியரசு ஆனது. 1924இல் பிரஷ்ய அதிகாரிகள் இசைக்குழு அந்தப் பாட்டை வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது, தடை நிற்கவில்லை. மெட்டுக்கு என்ன குற்றம் இருக்க முடியும்? சட்டத்தின் சந்துகளில் வெறுப்பு எப்படி வசதியாக உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை. ஊர்த் திருவிழாவில் எந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள், எந்தத் தெருவுக்கு வரும்போது சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாததா?

தீவின் தேவாலயத்தில் லுட்விக் முன்ஷ்மேயர் என்ற பாதிரியார் இருந்தார். 1920களில் போர்க்குமின் யூத வெறுப்புப் பிரச்சாரத்துக்கு அவர்தான் முகம். தன்னைக் கடுமையாக எழுதியவர்கள் மேல் அவர் அவதூறு வழக்குப் போட, 1926இல் நீதிமன்றத்தில் அவருடைய நடத்தைகள் அம்பலமாயின. பாதிரியார் பதவி போனது. ஆனால் 1930இல் அதே மனிதர் நாஜிக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக வந்து உட்கார்ந்தார். கடற்கரையில் கைதட்டல் வாங்கிய பேச்சு பெர்லினுக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட காலம் நான்கே ஆண்டுகள்.

பணமும் மதமாற்றமும் காப்பாற்றவில்லை

'படித்து வேலைக்குப் போய்விட்டால், நாலு காசு சேர்த்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும்' என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். கடற்கரைக்குப் போன யூதர்களிடம் படிப்பு இருந்தது, பணம் இருந்தது, ஜெர்மன் மொழியும் பண்பாடும் இருந்தன. பலர் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர்கள். அறைக்குப் பணம் கொடுக்க முடிந்தவர்களைத்தான் விடுதிகள் திருப்பி அனுப்பின.

மதம் மாறினாலும் அப்படித்தான். கவிஞர் ஹைன்ரிக் ஹைனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1825இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் கோடையிலேயே நோர்டர்னேக்குப் போனார். அங்கே கண்ட கடலிலிருந்துதான் வட கடல் கவிதைகள் பிறந்தன. ஜெர்மன் மொழிக்குக் கடலைப் பாடிக்கொடுத்த பெருங்கவிஞர்களில் ஒருவர் அவர். அவரையும் எதிரிகள் கடைசிவரை யூதர் என்றே தாக்கினார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். யூத வெறுப்பும் சாதியும் ஒன்றே அல்ல. உழைப்பைச் சுரண்டிக்கொண்டே தீட்டு என்று ஒதுக்குவது சாதியின் வேலை. யூத வெறுப்பு போட்டியாளரை விரட்டப் பார்த்து, கடைசியில் ஆறு மில்லியன் மனிதர்களைக் கொன்று குவித்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுமே புரியாமல் போகும். ஆனால் விலக்கி வைக்கும் முறை, அதற்குச் சொல்லும் சாக்கு, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களின் கூட்டம் ஆகியவற்றை அருகருகே வைத்துப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

பட்டியல் போட்டவர்கள்

யூதர்கள் சும்மா இருக்கவில்லை. 1893இல் யூத மதத்தைச் சேர்ந்த ஜெர்மன் குடிமக்களின் மத்தியச் சங்கம் உருவானது. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக வழக்குப் போடுவது அதன் முக்கிய வேலை. இன்னொரு வேலையும் செய்தது. எந்த ஊரும் எந்த விடுதியும் யூதர்களை ஏற்பதில்லை என்று பட்டியல் தயாரித்துத் தன் பத்திரிகையில் வெளியிட்டது. குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிட்டன. போர்க்குமைத் தவிர்த்து நோர்டர்னேக்கோ, பால்டிக் கரையில் ஹெரிங்ஸ்டோர்ஃபுக்கோ போனார்கள். நோர்டர்னேயில் 1878 முதல் ஒரு யூதத் தொழுகைக்கூடமும் இருந்தது.

பட்டியல் ஒரு கேடயம், அதேசமயம் ஒரு ஆவணம். விலக்கியவர்களின் பெயரை அவர்கள் காலத்திலேயே அச்சில் ஏற்றி வைத்தார்கள். வரலாற்றாசிரியர் ஃபிராங்க் பையோர் 2003இல் இந்தக் கடற்கரை யூத வெறுப்பைப் பற்றி முழு நூல் எழுதியபோது இத்தகைய பதிவுகள்தான் சான்றாக நின்றன. இரட்டைக் குவளைத் தேநீர்க் கடைகளைக் கணக்கெடுத்த நம் தோழர்கள் செய்ததும் இதே வகை வேலைதான். இன்று சிறியதாகத் தெரியும் கணக்கெடுப்பு நாளை மறுக்க முடியாத சாட்சியாகும்.

ஆனால் கேடயத்துக்கு ஓர் எல்லை உண்டு. தவிர்த்துவிட்டு வேறு கரைக்குப் போகலாம், அந்த வேறு கரை இருக்கும் வரையில். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூத விருந்தினர்களால் செழித்த நோர்டர்னேயே தன்னை 'யூதர் இல்லாத' ஊர் என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லினின் வான்சே ஏரிக் குளியல்கரை யூதர்களுக்கு மூடப்பட்டது. 1937 ஜூலையில் உள்துறை அமைச்சகம் குளியல் ஊர்களில் யூதர்களைப் பிரித்து வைப்பதற்கு நாடு தழுவிய ஆணை போட்டது. அரை நூற்றாண்டாக விருந்தினரும் முதலாளிகளும் செய்து பழகியதை அரசு கடைசியில் எழுதிக் கையெழுத்திட்டது, அவ்வளவுதான்.

அதே 1937இன் மார்ச் மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாட் சவுதார் குளம் வழக்கில் தீண்டப்படாதோர் பக்கம் தீர்ப்பளித்தது என்பதையும் நினைத்துக்கொள்வோம். நகராட்சி 1924இலேயே குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் நடந்துபோய்த் தண்ணீர் குடித்தபோதுதான் அது உரிமையானது. அதற்காக அன்றைக்கே அடியும் வாங்கினார்கள். குளத்தைச் சாதி இந்துக்கள் 'சுத்திகரித்தார்கள்'. நீதிமன்றம் பத்து ஆண்டு கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

வகுப்பிலிருந்து உதிர்ந்த பிள்ளைகள்

வகுப்புப் பயணத்துக்கு வருவோம். ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழையில் மாட்டிக்கொண்டார். அந்த இரவில்தான் பயணம் போகும் மாணவர்களுக்கு ஊர்தோறும் மலிவான தங்குமிடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. இன்று உலகமெங்கும் இருக்கும் இளைஞர் விடுதிகளின் தொடக்கம் அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கூரை என்பதே அதன் கனவு. 1933இல் அந்த விடுதிகளை ஹிட்லரின் இளைஞர் அமைப்பு கைப்பற்றியது.

அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த சட்டம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டது. வகுப்பில் மிச்சமிருந்த பிள்ளைகளும் பல இடங்களில் பயணத்துக்கு அழைத்துப் போகப்படவில்லை. 1938 நவம்பர் 15 அன்று அரசுப் பள்ளிகளிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். முதலில் பயணப் படத்திலிருந்து, பிறகு வகுப்புப் படத்திலிருந்து, பிறகு ஊரிலிருந்து, பிறகு உயிரிலிருந்து. இந்த வரிசையை மறக்கக் கூடாது.

ரூகன் தீவில் ப்ரோரா என்றொரு இடம் இருக்கிறது. 1936இல் நாஜிகள் அங்கே 20,000 பேர் தங்கும் விடுமுறை நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரையோரமாகச் சுமார் நாலரை கிலோமீட்டர் நீளக் கட்டடம். தொழிலாளிக்கும் கடல் காட்டுவோம் என்பது வாக்குறுதி. அடிக்கல் நாட்டிய நாள் மே 2. மூன்றாண்டுக்கு முன் அதே நாளில்தான் தொழிற்சங்கங்களை உடைத்து அவற்றின் சொத்துகளைப் பறித்திருந்தார்கள். போர் வந்ததால் விடுமுறை நகரம் முடிக்கப்படவே இல்லை. அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில் 2011 முதல் இளைஞர் விடுதி இயங்குகிறது. பள்ளி வகுப்புகள் அங்கே வந்து தங்குகின்றன. நம் பிள்ளைகளில் யாரேனும் அங்கே போனால் சுவரைத் தொட்டுப் பார்த்து ஆசிரியரிடம் கேட்கட்டும்: 'எல்லோருக்கும்' என்று இதைக் கட்டியவர்கள் யாரையெல்லாம் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை?

முடிந்துபோன கதையும் அல்ல. ரோஸ்டாக்கிலிருந்து வார்னமுண்டே கடற்கரைக்குப் போகும் நகர ரயில் லிக்டென்ஹாகன் நிலையத்தில் நிற்கும். 1992 ஆகஸ்டில் அங்கே வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த கட்டடத்துக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. ஆயிரக்கணக்கானோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பலர் கைதட்டினார்கள். உள்ளே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரை வழியாகத் தப்பினார்கள். 2024 மே மாதம், பணக்காரர்களின் தீவு என்று பெயர்பெற்ற சில்ட்டில், மதுவிடுதியொன்றில் இளைஞர்கள் ஒரு நடனப் பாட்டின் மெட்டில் வெளிநாட்டவரை வெளியேறச் சொல்லிப் பாடிய காணொளி பரவியது. கடலும் கைதட்டலும் மெட்டும் போர்க்குமில் நூறு ஆண்டுக்கு முன் பார்த்தவைதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அந்த நாட்டிலிருந்து கற்க நல்லதும் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளையின் பல நாள் வகுப்புப் பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று அங்கே சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பயணம் போவது கல்வியின் ஒரு பகுதி, ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் அது வகுப்புப் பயணமே ஆகாது என்ற புரிதல் அதற்குள் இருக்கிறது.

நம் பள்ளிகளில் சுற்றுலா அறிவிப்பு வந்ததும் என்ன நடக்கிறது? பணம் கட்ட முடிந்தவர்கள் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் 'வீட்டில் வேலை இருக்கிறது' என்று சொல்லிக் குனிந்துகொள்கிறார்கள். அந்த வரிசையில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று யாரும் எண்ணுவதில்லை.

தோழர்களே, நாம் எண்ணத் தொடங்குவோம். உங்கள் பள்ளியில், கல்லூரியில், விடுதியில் கடைசியாகப் போன சுற்றுலாவின் படத்தை எடுங்கள். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வையுங்கள். இல்லாத பெயர்களைக் குறியுங்கள். அவர்களிடம் போய்க் காரணம் கேளுங்கள். அந்தப் பட்டியலோடு தலைமை ஆசிரியரிடமும் கல்வி அலுவலரிடமும் போங்கள். பட்டியல் மட்டும் போதாது என்பதை நோர்டர்னே சொல்கிறது. நடந்துபோய்த் தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்பதை மகாட் சொல்கிறது. இரண்டையும் செய்ய வேண்டியது நாம்.